கடுகு வாங்காத வீடு

எங்கள் லைனில் கடுகு வாங்காத வீடு ஒன்று இருந்தது. மளிகைக் கடைக்கு நானும் பக்கத்து வீட்டுக்காரியான அவளும் சேர்ந்துதான் போவோம். பருப்பு, உப்பு, புளி, சோப்பு எல்லாம் வாங்குவாள். கடைக்காரர் கைப்பழக்கத்தில் கடுகுப் பொட்டலத்தை எடுத்து வைப்பார். "அது வாணாங்க" என்று தள்ளி வைப்பாள். வத்தல் மிளகாயும் வாங்க மாட்டாள்.

"உங்க வூட்ல சமைக்கறீங்களா, இல்ல தெனமும் விரதமாம்மா?" என்று அவர் ஒரு நாள் கேட்டார்.

அவள் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "வரேங்க" என்றாள். அவள் முகத்தில் எதுவும் தெரியாது. கண் எழுதாத பொம்மை மாதிரி இருக்கும். நான் பீங்கான் யூனிட்டில் பொம்மைக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தவள். அதனால் எனக்கு அப்படித்தான் தோன்றும்.

அவளுடைய புருஷனுக்கும் அங்கேதான் வேலை. கல் அரைக்கிற மில்லில் இருந்தார். வெள்ளைக் கல்லை மாவு மாதிரி அரைத்து மண்ணோடு சேர்ப்பார்கள். சாயங்காலம் அவர் வரும்போது புருவம், மீசை, காதுமடல் எல்லாம் வெளுத்திருக்கும். குளித்தால் மேலே இருப்பது போய்விடும். உள்ளே போனது போகவில்லை. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் தூசி, புகை எதுவும் ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். அவர் வேலையை விட்டார். அவள் வேலைக்கு வந்தாள். காய்ந்த பொம்மைகளை ஈரத் துணியால் துடைத்து ஓரம் மழுக்குகிற வேலை. என் பக்கத்தில்தான் உட்காருவாள்.

எங்கள் லைன் வீடுகளைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். ஒரே நீளக் கட்டடத்தைச் சுவர் வைத்துத் தடுத்து வீடுகள் ஆக்கியிருந்தார்கள். நடுச் சுவர் கூரை வரைக்கும் போகாது. சுவருக்கும் மேலே இருக்கிற ஷீட்டுக்கும் நடுவில் ஒரு முழம் சந்து. ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் "நூறு" என்பார்கள். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் லைன் முழுக்க இருமும்.

அவர் வீட்டோடு இருக்க ஆரம்பித்த புதிதில் ஒரு காலை நான் ரசத்துக்குத் தாளித்தேன். அந்தப் பக்கம் இருமல் பிடித்துக்கொண்டது. நிற்கவே இல்லை. ரசம் இறக்கி ஆறுகிற வரைக்கும் இருமினார். பிறகு அவள் என் வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, தாளிக்கறத்துக்கு முன்னாடி ஒரு சத்தம் குடுங்க. நான் அவர பின்னால தோட்டத்துக்குக் கூட்டினு போயிடறேன்."

தாளிக்காதீர்கள் என்று சொல்லவில்லை. இதையே வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். எல்லாரும் சரி என்றார்கள். அன்றிலிருந்து எங்கள் லைனில் காலையில் ஒரு சத்தம் கேட்கும். இரண்டு வீடு தள்ளியிருந்த ஜமீலாம்மாவுக்குப் பெரிய குரல். அவர் வீட்டுக்காரர் கல்ஃபில் இருந்தார். அவருக்கே கேட்கிற மாதிரிக் கூப்பிடுவார்.

"யம்மோவ்! தாளிக்கிறேன்! வெள்ளிக்கெழம, பெரிய சட்டி! அண்ணன கொஞ்ச நேரம் கழிச்சே உள்ள கூட்டியா!"

"ஒரேடியா எல்லாரும் தாளிச்சு முடிச்சிருங்கடி, அந்த மனுஷன எத்தன வாட்டி எழுப்புவீங்க!" என்று இன்னொருத்தி சத்தம் போடுவாள். கடைசி வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள், இது ஏதோ அடுப்புச் சாமிக்குச் சொல்வது என்று நினைத்துக் கொஞ்ச நாள் கும்பிட்டுவிட்டுத் தாளித்தாளாம். அதைச் சொல்லி ஜமீலாம்மா எத்தனையோ நாள் சிரித்தார்.

எனக்குச் சத்தம் போட வராது. என் குரல் அடுப்பங்கரை தாண்டியதில்லை. கரண்டிக் காம்பால் நடுச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவேன். அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிடும். செருப்புச் சத்தம் பின்னால் போகும். அதற்குப் பிறகு கடுகைப் போடுவேன்.

பின்னால் தோட்டம் என்று அவள் சொன்னாளே தவிர, அப்போது அது தோட்டம் இல்லை. யூனிட் மதிலுக்கும் எங்கள் வீடுகளுக்கும் நடுவில் ஒரு துண்டு இடம். உடைந்த அச்சு, சுட்டுக் கோணிப்போன ஜாடி, விரிசல் விட்ட வாஷ்பேசின் எல்லாம் கொட்டிக் கிடக்கும். அவரை அங்கே வெயிலில்தான் உட்கார வைத்தாள். அப்புறம் நிழலுக்காக ஒரு பீர்க்கங்கொடி போட்டாள். காய்க்காக இல்லை. கொடி பந்தல் ஏறிக் காய்த்தபோது அதைச் சமைத்தாள். அப்படித்தான் ஆரம்பித்தது.

ஓட்டை ஜாடியில் கத்தரி வைத்தாள். வாஷ்பேசினில் தண்டுக்கீரை. மதில் ஓரம் வெண்டை, அதற்குள்ளே பச்சை மிளகாய். மூலையில் முருங்கைக் கொம்பு ஒன்று ஊன்றினாள். எரு எங்கிருந்து கொண்டு வந்தாள் என்று எனக்குத் தெரியாது. வேலை விட்டு வரும்போது எப்போதும் ஒரு கூடை தலையில் இருக்கும்.

அவள் சமைக்கிற விதம் லைனில் யாருக்கும் பிடிபடவில்லை. முதலில் அடுப்பில் தண்ணீர் வைப்பாள். அது கொதிக்கிற சத்தம் வந்த பிறகுதான் தோட்டத்துக்குப் போவாள். பறித்த காயை நின்ற இடத்திலேயே கழுவி, கையில் வைத்தே நறுக்கிக்கொண்டு வந்து போடுவாள். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் பதில் வராது. ஒரு தடவை ஜமீலாம்மா, "காய் என்னா ஓடிப் போயிடுமா? ஒரு வார்த்த நின்னு பேசினா என்னா?" என்று கேட்டார்.

"தாளிச்சா வாடின காயும் பொழச்சுக்கும். என் சட்டியில பொழைக்காது" என்றாள் அவள், நடந்துகொண்டே.

உப்பு, மஞ்சள், கீறிப் போட்ட பச்சை மிளகாய், கடைசியில் துருவின தேங்காய். பீர்க்கங்காய் என்றால் கொஞ்சம் பாசிப்பருப்பு. முருங்கைக் கீரை என்றால் அரிசி கழுவின தண்ணீரில் சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம் போட்டு வேகவைப்பாள். எண்ணெய் விட்டால் பச்சையாக ஒரு சொட்டு மேலே விடுவாள். அவ்வளவுதான். நானும் அதே காயை அவளிடம் வாங்கி வந்து அதே மாதிரி செய்து பார்த்தேன். தோட்டத்திலிருந்து என் வீட்டுக்கு வருவதற்குள் ஏதோ ஒன்று போய்விடுகிறது.

என் வீட்டுக்காரர் வாய் சும்மா இருக்காது. "கடுகு வெடிக்காததெல்லாம் ஒரு கொழம்பா? ஆஸ்பத்திரி கஞ்சி" என்பார். ஒரு நாள் அவள் பீர்க்கங்காய்க் கூட்டு ஒரு கிண்ணம் கொடுத்தாள். அவர் சாப்பிட்டுவிட்டு, "உப்பு சரியாத்தான் இருக்குது" என்றார். அவர் யார் சமையலைப் பற்றியும் அதற்கு மேல் சொன்னதில்லை. என் சமையலுக்கு அதுவும் இல்லை. இப்போது அவரும் இல்லை.

அவளுடைய பிடிவாதத்தை எல்லாரும் மெச்சினார்கள் என்று சொல்ல மாட்டேன். புருஷனுடைய அக்கா கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து மாதம் ஒரு தடவை பஸ் ஏறி வருவார். வரும்போதே சண்டை.

"என் தம்பி நாக்க செத்தவன் நாக்கு மாதிரி ஆக்கி வெச்சிருக்கியேடி! மனுஷன் திங்கற சோறா இது?"

"அண்ணி, தாளிச்சா அவருக்கு மூச்சு முட்டும்."

"ஒரு நாளைக்கு முட்டிட்டுப் போவுது! ஊர்ல எல்லாம் மூக்கப் புடிச்சுக்கினா திங்கறாங்க?"

தண்ணீர் கொதிக்கும். அவள் தோட்டத்துக்குப் போய்விடுவாள். நாத்தனாரும் அதையே சாப்பிட்டுவிட்டு, திட்டிக்கொண்டே பஸ் ஏறுவார்.

அவர், அவளுடைய புருஷன், எதுவும் சொல்லாமல்தான் இருந்தார். பந்தல் கீழே ஒரு கவிழ்த்த ஜாடி மேல் உட்கார்ந்து வெண்டைக்காய்க்குக் காம்பு கிள்ளிக் கொடுப்பார். சுவருக்கு இந்தப் பக்கம் நான் பாத்திரம் தேய்த்தால், "என்னாம்மா, இன்னிக்கு வத்தக்கொழம்பா? வாசன வந்துது" என்று கேட்பார். அதைக் கேட்க எனக்கு ஒரு மாதிரி இருக்கும். ஆமாங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன்.

பிறகு அவரால் தோட்டத்துக்கு நடக்க முடியாமல் போனது. லைனில் யாராவது சத்தம் கொடுத்தால் அவள் ஒரு பழைய புடவையை நனைத்துச் சுவர்ச் சந்தில் தொங்கவிடுவாள். அவள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் யாரும் தாளிக்கக் கூடாது என்று ஜமீலாம்மாவே கட்டுப்பாடு வைத்தார்.

பாண்டிச்சேரிக்குக் கடைசியாகப் போய் வந்த அன்று, டாக்டர் என்ன சொன்னார் என்று நான் கேட்டேன்.

"கேட்டத சாப்புட குடுங்கன்னாரு அக்கா."

அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்திருக்கும். அவள் வழக்கம்போலத் தண்ணீர் வைத்தாள்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கத்தரிக்காய் புளிக்குழம்பு. அவள் அன்றே வைத்துக் கொடுத்தாள், தாளிக்காமல். அவர் தட்டைத் தள்ளிவிட்டார். மறுநாளும் தள்ளினார். மூன்றாம் நாள் அவள் என்னிடம் வந்து, "நீங்க தாளிச்சு ஒரு கிண்ணம் குடுங்க அக்கா, அவர் ஒரு வாய் சாப்புடட்டும்" என்றாள். சுவரில் தட்டினேன், தாளித்தேன், கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் வைத்தார்.

"இது பக்கத்து வூட்டுக் கொழம்பு" என்றார்.

"பக்கத்து வூட்டுதுன்னா என்னாங்க? கொழம்புதான?"

"நம்ம வூட்ல கடுகு வெடிக்கணும். மத்த வூடு மாதிரி. ஒரு நாளைக்கு."

"வெடிச்சா உங்களால தாங்க முடியுமா? மூச்சு வேணுமா, கொழம்பு வேணுமா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவர் சாப்பிடவில்லை. கஞ்சித் தண்ணீரால் மட்டும் உதட்டை நனைப்பாள். அவள் விடவில்லை. பிஞ்சு வெண்டைக்காய் பறித்தாள், முருங்கைப் பூ பறித்தாள், புதிது புதிதாக வேகவைத்தாள். எல்லாம் அப்படியே திரும்பி வந்தது. வேலையில் என் பக்கத்தில் உட்கார்ந்து பொம்மை துடைத்துக்கொண்டிருப்பாள். ஒரே பொம்மையைத் துடைத்துக்கொண்டே இருப்பாள். மூக்கு மழுங்கிப்போகும். மேஸ்திரி அதை எடுத்து உடைந்ததோடு போடுவார். நான் அடுத்த பொம்மையை அவள் பக்கம் நகர்த்துவேன்.

நாத்தனார் ஃபோனில் கத்துவது சுவர் தாண்டிக் கேட்கும். "டாக்டரே கேட்டத குடுன்னு சொல்லிட்டாரு, நீ யாருடி மாட்டேன்னு சொல்ல?"

"மூச்சு இருந்தாத்தான அண்ணி கேக்கறது" என்று இவள் சொல்வாள்.

மாசி மகத் தேர் அன்று லைன் காலியாக இருந்தது. யூனிட் லீவு. எல்லாரும் தேர் பார்க்கப் போய்விட்டார்கள். ஜமீலாம்மாகூடப் பேத்திக்கு வளையல் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். எனக்கு முழங்கால் வலி, போகவில்லை. உச்சி வெயில் நேரம். அவள் பின்கதவு வழியாக வந்தாள். கையில் ஒரு சின்னக் கிண்ணம்.

"அக்கா, கொஞ்சம் கடுகு குடுங்க."

நான் டப்பாவைத் திறந்து நீட்டினேன். இரண்டு விரலால் எடுத்தாள். பிறகு இன்னும் கொஞ்சம் எடுத்தாள். வத்தல் மிளகாயில் ஒன்றைப் பார்த்து எடுத்துக்கொண்டாள்.

"எண்ண இருக்குதா?" என்று கேட்டேன்.

"இருக்குது."

போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து நடுச் சுவரில் இரண்டு தட்டு கேட்டது. அந்தப் பக்கத்திலிருந்து.

நான் என்ன செய்யவேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு மூச்சு நன்றாகத்தான் இருந்தது. இருந்தாலும் எழுந்து பின்னால் போய் நின்றேன். அவள் வீட்டுப் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே பார்க்கவில்லை. பந்தலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடுகு வெடித்தது. மிளகாய்க் காட்டம் எனக்கே ஏறியது. இருமல் ஆரம்பித்தது. அவர் இருமல் எனக்குப் பழகினதுதான். இது நீளமாக இருந்தது. நடுவில் சத்தமே இல்லாமல் ஒரு நேரம். பிறகு மறுபடியும்.

"போதுமா?" என்றாள் அவள்.

பதில் வர நேரம் ஆனது.

"கருவேப்பில போட்டியா?"

"போட்டேன்."

"அப்ப கொட்டு கொழம்புல."

சொய்யென்று சத்தம் கேட்டது. தட்டுச் சத்தம். அவள் ஊட்டினாளோ, அவரே சாப்பிட்டாரோ, நான் பார்க்கவில்லை. பிறகு அவர் குரல் வந்தது.

"இன்னும் ஒரு ரவ சோறு போடு."

நான் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் அவர் நன்றாகத்தான் இருந்தார். அதற்கு அடுத்த நாள் விடிகிற நேரத்தில் போய்விட்டார்.

அவள் அழவில்லை. பெண்கள் கட்டிப் பிடித்து அழுதார்கள், அவள் கையைத் தொங்கவிட்டபடி இருந்தாள். எனக்கும் அழுகை வரவில்லை. துக்க வீட்டில் காரியம் முடிகிற வரைக்கும் தாளிக்க மாட்டோம். அக்கம்பக்கத்திலிருந்து வருகிற சாப்பாடும் தாளிக்காமல்தான் வரும். அந்த வீட்டுக்கு அது புதிதில்லை. காரியத்துக்கு வந்தவர்கள் தோட்டத்திலிருந்த காயை எல்லாம் பறித்துவிட்டார்கள். பிஞ்சைக்கூட விடவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காரியம் முடிந்த மறுநாள் எண்ணெய்ச் சட்டி வைக்கவேண்டும். துக்க வீட்டில் மறுபடியும் அடுப்பில் எண்ணெய் காய்ந்து, தாளித்துச் சமைத்தால்தான் துக்கம் கழிந்ததாகக் கணக்கு. அதை நாத்தனார்தான் செய்யவேண்டும். சொந்தக்காரர்கள் வாசல் வரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள். ஜமீலாம்மாவும் நானும் கதவோரம் நின்றோம். நாத்தனார் அடுப்பு மேடையைக் கழுவினார். சுவரோரம் எண்ணெய்ப் பிசுக்கில் நாலைந்து கடுகு ஒட்டியிருந்தது. விரலால் எடுத்துப் பார்த்தார்.

"இது எப்பிடி இங்க வந்துது?"

அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"கேக்கறேன் இல்ல? கடுகே வாங்காத வூட்ல கடுகு எப்பிடி வந்துது? தாளிச்சியா? என் தம்பி மூச்சுக்குத் தவிச்சுக்கினு கெடக்க, தாளிச்சியாடி?"

"நீங்கதான தாளிச்சு போடு, தாளிச்சு போடுன்னீங்க" என்றார் ஜமீலாம்மா.

"நான் சொன்னப்பல்லாம் போட்டாளா? தெம்பா இருந்தப்ப போடல. சாவக் கெடக்கறப்ப போட்டிருக்கா! கொன்னுட்டாளே! எம் பொறப்பக் கொன்னுட்டாளே!"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. நாத்தனார் என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, நீ பக்கத்து வூடுதான? ஒனக்குத் தெரியாம இருக்காது. சொல்லு. இவ தாளிச்சாளா இல்லியா?"

அத்தனை பேர் என்னைப் பார்த்தது அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. ஜமீலாம்மா என் முழங்கையைத் தொட்டார்.

"சோறு ரெண்டாவது வாட்டி கேட்டு வாங்கி சாப்ட்டாருங்க" என்றேன்.

"என்னா?"

"உங்க தம்பி. தேர் அன்னிக்கு. இன்னும் ஒரு ரவ சோறு போடுன்னு கேட்டாருங்க. என் காதால கேட்டேன்."

நாத்தனார் என்னையே பார்த்தார். விரலில் அந்தக் கடுகு இருந்தது.

"நெசமாவா? கேட்டானா?"

"ஆமாங்க."

"என்னா கொழம்பு?"

"கத்திரிக்கா புளிக்கொழம்புங்க."

அவர் மேடை ஓரத்தில் சாய்ந்து நின்றார். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, சட்டியை எடுத்து அடுப்பில் வைத்து எண்ணெய் ஊற்றினார். யாரோ கடுகு எடுத்துக் கொடுத்தார்கள். வெடித்தது. வாசல் வரைக்கும் புகை போனது. எல்லாருக்கும் கண் எரிந்தது.

அவள் இடத்தை விட்டு எழவில்லை. முகத்தில் எதுவும் இல்லை. என் முகத்திலும் இருந்திருக்காது.

இலை போட்டபோது நாத்தனார் முதல் இலையை அவளுக்குப் போட்டார். அவள் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். பிறகு தலையை நிமிர்த்தி, கதவோரம் இருந்த என்னைப் பார்த்தாள்.

"நின்னுக்கினே இருக்கீங்களே அக்கா. உக்காருங்க" என்றாள்.

நான் உட்கார்ந்தேன்.